ஆயிரம் ரூபாய்க்குப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

கையில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது. வீட்டில் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கும் ஒரு பிள்ளை. பேசுவது தமிழ், பள்ளி ஆங்கில வழி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் தண்ணீர்த் தாகம் எடுத்துவிடும். இந்தப் பிள்ளைக்குத் தமிழில் எதை வாங்கித் தருவது? தமிழில் பிள்ளைகளுக்குப் புத்தகமே இல்லை என்று இன்னமும் அலுத்துக்கொள்பவர்கள் புத்தகக் காட்சிப் பக்கம் போய் நெடுநாள் ஆகியிருக்க வேண்டும். இப்போது கடையில் நிற்கும்போது வருவது வேறு தலைவலி. இருநூறு வகை கண்ணில் படுகிறது, எது யாருக்கு என்று புரிவதில்லை. விற்பனைக்கு நிற்கும் இளைஞரைக் கேட்டால், "எல்லாமே நல்லாப் போகுதுங்க" என்பார்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். புத்தகத்தை வாசிக்கப் போவது யார்? பிள்ளை தானாகவா, நீங்கள் வாசித்துக் காட்டியா? ஏழு வயதுப் பிள்ளைக்குக் காது பத்து வயதுக்குரியது, கண் ஐந்து வயதுக்குரியது. கேட்டால் புரிந்துகொள்ளும் கதையை அதனால் வாசிக்க முடியாது. வாசிக்க முடிகிற கதை அதற்குச் சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். ஒரே புத்தகத்தை வைத்து இரண்டையும் சாதிக்க நினைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கீழே நான் செய்யும் ஒப்பீடு முழுக்க இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

முதலில், தாத்தா பாட்டிகளும் பிறந்தநாள் விருந்தினர்களும் தவறாமல் வாங்கும் சரக்கு: பளபளக்கும் கெட்டி அட்டையில் தெனாலிராமன், பஞ்சதந்திரம், ஈசாப், நீதிக் கதைகள் என்று வரும் தடித்த தொகுப்புகள். பக்கக் கணக்கு பார்த்தால் இதைவிட மலிவு எதுவும் இல்லை. எடை போட்டு வாங்கும் மனம் நமக்கு இருப்பதால் இவை விற்கின்றன. பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயர் இருக்காது, வரைந்தவர் பெயர் இருக்காது. ஒரு பக்கத்தில் கார்ட்டூன் நரி, அடுத்த பக்கத்தில் வேறு யாரோ வரைந்த வேறொரு நரி. எழுத்து பொடி. ஒவ்வொரு கதையின் முடிவிலும் தடித்த எழுத்தில் "நீதி" என்று ஒரு வரி. எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கும்போது பார்த்திருக்கிறேன்: கெட்டிக்காரப் பிள்ளை நேராக அந்த நீதி வரிக்குப் போய், அதைப் படித்துவிட்டு, கதை தெரிந்துவிட்டது என்று பக்கத்தைத் திருப்பிவிடும். கதைகள் மேல் குறையில்லை. தெனாலிராமன் கதையை இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், பிள்ளை தூங்காது. அந்தக் கதைகள் வாய்க்கு உரியவை, அவற்றுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் நீங்கள் படித்துக்கொண்டு சொல்லுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் என் ஓட்டு அதற்கு இல்லை.

இதற்கு நேர் எதிரே இருப்பவை பதினாறு பக்கம், இருபத்துநான்கு பக்கம் கொண்ட மெல்லிய படப் புத்தகங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் வெகுகாலமாக நேரு பால புஸ்தகாலய வரிசையில் தமிழிலும் இவற்றைப் போட்டு வருகிறது. 2004இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதம் புக்ஸ், ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு புத்தகம் என்பதையே கொள்கையாக வைத்துப் பல இந்திய மொழிகளில் குறைந்த விலைக்கு வெளியிடுகிறது. தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் வந்த குட்டிப் புத்தகங்களும் இந்தக் குடும்பத்தில் சேரும். அவற்றை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வயதை வைத்துப் பிரிக்காமல் வாசிக்கும் வேகத்தை வைத்துப் பிரித்தது மிக நல்ல யோசனை. ஐந்தாம் வகுப்புப் பையன் "நட" புத்தகத்தை எடுத்தாலும் அட்டையில் "இரண்டாம் வகுப்பு" என்று எழுதி அவன் மானத்தை வாங்குவதில்லை.

"இத்தனை மெல்லிய புத்தகத்துக்கு இவ்வளவு விலையா, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவானே" என்பது பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் குறை. முடித்துவிடட்டும். அதுதான் வேண்டும். தமிழில் ஒரு புத்தகத்தைத் தானாக முதல் அட்டை முதல் கடைசி அட்டை வரை முடித்தேன் என்ற எண்ணம் அந்த வயதில் வரவே வராமல் போகிற பிள்ளைகள்தான் பத்து வயதில் "தமிழ் கஷ்டம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பிடித்துவிட்டால் அதே புத்தகத்தை இருபது தடவை எடுப்பார்கள். ஐந்து நிமிடக் கணக்கு அப்போது தலைகீழாகிவிடும்.

ஆனால் மெல்லியவை எல்லாம் நல்லவையும் இல்லை. இந்தப் புத்தகங்களில் கணிசமானவை ஆங்கிலத்திலிருந்தோ இந்தியிலிருந்தோ வந்தவை, மொழிபெயர்ப்பில்தான் பலதும் கவிழ்கின்றன. "கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தபோது அங்கே குடையைப் பிடித்தவாறு நின்றுகொண்டிருந்த பூனையைக் கண்டு அவன் மிகவும் வியப்படைந்தான்" என்று ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிழை எதுவும் இல்லை. ஆனால் எழுத்துக் கூட்டும் பிள்ளை "நின்றுகொண்டிருந்த" வரைக்கும் வந்து சேரும்போது கதவை மறந்திருக்கும். இதையே "கதவைத் திறந்தான். உள்ளே ஒரு பூனை. பூனை கையில் குடை!" என்று எழுதியிருந்தால் மூன்றாவது வாக்கியத்தில் சிரித்திருக்கும். விஷயம் ஒன்றுதான், ஏறுவதற்குப் படி வைத்திருக்கிறார்களா இல்லையா என்பதுதான் வேறுபாடு.

இன்னொன்றையும் கவனியுங்கள், இதைப் பெரியவர்கள் பார்ப்பதே இல்லை. தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் ஒடிப்பது வழக்கம். இடையில் கோடு கூடப் போடுவதில்லை. "விளை" என்று ஒரு வரி முடிந்து "யாடினார்கள்" என்று அடுத்த வரி தொடங்கும். பழகிய கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. புதிதாக வாசிக்கும் பிள்ளை "விளை" என்று படித்து நின்று, அப்புறம் "யாடினார்கள்" என்றால் என்ன என்று உங்களைக் கேட்கும். அக்கறையோடு செய்யப்பட்ட படப் புத்தகங்களில் சொல் ஒடியாமல் வரி அமைத்திருப்பார்கள். கடையில் நின்றபடியே நடுப்பக்கத்தைத் திறந்து வலது ஓரத்தை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தால் போதும், பதிப்பாளர் பிள்ளையை நினைத்தாரா காகிதத்தை நினைத்தாரா என்று தெரிந்துவிடும். கூடவே அந்தப் பக்கத்தை மெல்ல வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் தடுக்கும் இடத்தில் பிள்ளை விழும்.

படப் புத்தகங்களிலேயே ஒரு படி மேலே, விலையிலும் மேலே, சென்னையின் தூலிகா இருக்கிறது. 1996இல் தொடங்கிய பதிப்பகம். தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் போடுகிறார்கள். படங்களில் நம் வீட்டுத் திண்ணையும் நம் ஊர்ச் சந்தையும் நம் நிறத்து முகங்களும் இருக்கும். தாள் நல்ல கனம், எழுத்து பெரிது. ஒரு மலிவுப் படப் புத்தகம் வாங்கும் காசுக்கு இவற்றில் பாதிதான் கிடைக்கும் என்றாலும் வீட்டில் ஒன்றிரண்டு இருக்க வேண்டியவை. ஆனால் வாங்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. பல கதைகள் தனித் தமிழ்ப் பதிப்பாகவும் இருக்கும், ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த இருமொழிப் பதிப்பாகவும் இருக்கும். பெற்றோர் கை தானாக இருமொழிப் பதிப்புக்குப் போகும். ஒரு விலையில் இரண்டு மொழி என்ற கணக்கு. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையின் கண் தானாக ஆங்கில வரிக்குப் போகும். அது பிள்ளையின் தவறில்லை, தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும். தமிழ் வாசிக்க வைப்பது நோக்கம் என்றால் தமிழ் மட்டும் உள்ள பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பெற்றோரோ, வேற்று மொழிக்கார மருமகளோ மருமகனோ உள்ள வீடோ என்றால் இருமொழிப் பதிப்பு வேறு யாரும் செய்ய முடியாத உதவியைச் செய்யும். அப்பாவும் பிள்ளையும் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு மொழியில் வாசிக்கலாம்.

காசே செலவழிக்காமல் முடியாதா என்றால், முடியும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம் கிடக்கின்றன. படிக்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளலாம், அச்செடுத்துப் பள்ளியில் கொடுக்கலாம்; திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கும் வாசிப்பு நிலை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் தமிழின் தரம் ஒரு கதையில் மல்லிகையாகவும் அடுத்ததில் காய்ந்த வைக்கோலாகவும் இருக்கும். பதிப்பகமே வெளியிட்டதாகக் குறிப்பிட்டிருப்பவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. என்னுடைய தயக்கம் வேறு இடத்தில். கைபேசியில் கதை படிக்கும் பிள்ளைக்கு விளையாட்டுச் செயலி ஒரு விரல் தூரம். அச்செடுக்கலாம் என்று ஜெராக்ஸ் கடைக்குப் போனால், கலர்ப் பிரதிக்கு ஆகும் செலவில் அச்சுப் புத்தகமே வந்துவிடும். ஆகவே இதை ருசி பார்க்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம்: எந்த மாதிரிக் கதைக்குப் பிள்ளை சிரிக்கிறது என்று இங்கே கண்டுபிடித்துவிட்டு, அந்த மாதிரியை அச்சில் வாங்கலாம்.

நூலகத்தை எல்லாரும் மறந்துவிடுகிறோம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. கட்டிய காசுக்குப் போய்ப் பார்ப்பதில் வெட்கமென்ன. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023 ஜூலையில் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி வைத்திருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமையை அங்கே விட்டுவிட்டு வந்தால் பிள்ளை எதை எடுக்கிறது, எதைப் பாதியில் போடுகிறது என்று தெரிந்துவிடும். ஊர்ப்புற நூலகங்கள் அப்படி இல்லை. சிறுவர் அலமாரி பூட்டியே இருக்கும், அல்லது திறந்திருந்தாலும் உங்கள் வயதுப் புத்தகங்களாக இருக்கும். நூலகரிடம் கேட்டால் பல இடங்களில் உள்ளேயிருந்து புதியவற்றை எடுத்துத் தருகிறார்கள். கிழித்துவிடுவார்களோ என்ற பயத்தில் உள்ளே வைத்திருப்பது.

இதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவும் அதற்குப் பிறகு வந்த கோகுலம், சுட்டி விகடனும் இன்று இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் அறிவியலில் ஆர்வம் உள்ள பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நல்ல துணை. நாளிதழ்களின் சிறுவர் இணைப்புகள் வீட்டுக்கே வருகின்றன, அவற்றுக்கெனத் தனிச் செலவில்லை. மாதா மாதம் தன் பெயருக்குத் தபாலில் ஒன்று வருவது பிள்ளைக்குப் பெருமைதான், ஆனால் நாம் எடுத்துக்கொண்ட ஏழு வயதுக்கு இதழ்கள் இன்னும் எட்டாது.

காமிக்ஸ்? சிவகாசியிலிருந்து 1972 முதல் வரும் முத்து காமிக்ஸும் பின்னால் வந்த லயன் காமிக்ஸும் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையையே வாசிக்க வைத்தவை. அந்தத் தலைமுறைக்கு இப்போது வயது ஐம்பது. இன்றைய வெளியீடுகளின் விலையும் கதைத் தேர்வும் பெரும்பாலும் அவர்களைப் பார்த்தே இருக்கின்றன. பத்து, பன்னிரண்டு வயதில் படிக்க மறுக்கும் பையனுக்குக் காமிக்ஸ் பல நேரம் கைகொடுக்கும். ஏழு வயதுக்கு அவசரமில்லை. அப்பாவுக்கு வேண்டுமென்றால் அப்பா தன் கணக்கில் வாங்கிக்கொள்ளட்டும். சோவியத் நாட்டுப் புத்தகங்களின் மறுபதிப்பைப் பார்த்ததும் கண் கலங்கி வாங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். படங்கள் இன்றும் அழகுதான், ஆனால் நாம் வாங்குவது நம்முடைய பிள்ளைப் பருவத்தை.

இனி, நான் அதிகம் பேச விரும்பும் வகைக்கு வருகிறேன். கடந்த பதினைந்து ஆண்டுகளில் தமிழில் எண்ணிக்கையிலும் துணிவிலும் வளர்ந்திருப்பவை சிறார் நாவல்களும் கதைத் தொகுப்புகளும்தான். வானம் பதிப்பகம் பிள்ளைகளுக்கென்றே நடக்கிறது. பாரதி புத்தகாலயம் புக்ஸ் ஃபார் சில்ரன் என்ற பெயரில் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. சாகித்ய அகாதமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் கொடுத்துவருகிறது. தமிழில் 2020இல் எஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியத்துக்கும், 2023இல் உதயசங்கரின் ஆதனின் பொம்மைக்கும், 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ஒற்றைச் சிறகு ஓவியாவுக்கும் கிடைத்தது. முதலாவது, பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றி ஒரு மரப்பாச்சிப் பொம்மையை வைத்துப் பேசுகிறது. இரண்டாவது கீழடியைக் களமாகக் கொண்டது. அங்கே கிடைத்த பானை ஓட்டில் கீறியிருந்த "ஆதன்" என்ற பெயர் ஒரு பையனாக எழுந்து வந்துவிடுகிறது. நீதி வரியோடு நின்றுபோன தொகுப்புகளிலிருந்து தமிழ்ச் சிறார் எழுத்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு போதும்.

விருது முத்திரை பார்த்து அப்படியே வாங்கிவிடலாமா என்று கேட்டால், கொஞ்சம் பொறுங்கள். விருதுக் குழுவில் இருப்பவர்கள் பெரியவர்கள். அவர்களுக்கு எந்தப் பொருளைப் பற்றிப் பேசியிருக்கிறது என்பது முக்கியம். பிள்ளைக்கு அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்பது முக்கியம். இரண்டும் ஒத்துப்போகும் நாவல்களும் இருக்கின்றன. ஆனால் புதிய சிறார் நாவல்களில் ஒரு நோய் நான் பார்க்கிறேன்: பேசும் மரமோ பறக்கும் யானையோ மூன்றாவது அத்தியாயத்தில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கத் தொடங்கிவிடும். நீதி வரியைக் கடைசிப் பக்கத்திலிருந்து எடுத்துப் பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த இடம் வந்ததும் பிள்ளை நெளியும். மரப்பாச்சி மாதிரி கனமான பொருளை எடுத்துக்கொண்ட புத்தகத்தை முதலில் நீங்கள் படித்துவிட்டு, எட்டு ஒன்பது வயதுக்குப் பிறகு, கூடவே உட்கார்ந்து வாசிப்பது முறை. பரிசுப் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் புத்தகம் இல்லை அது.

இந்த நாவல்களில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் உரையாடல். பல எழுத்தாளர்கள் கதையை எழுத்துத் தமிழில் சொல்லி, பிள்ளைகள் பேசுவதை மட்டும் பேச்சுத் தமிழில் விடுகிறார்கள். தெருவில் ஒரு சிறுமி, விவரிப்பு வரிகளில் தட்டுத் தடுமாறி வந்துகொண்டிருந்தவள், "ஏம்மா, நீ வரலியா?" என்ற இடம் வந்ததும் தலையை நிமிர்த்தி அவளுடைய ஆச்சியின் குரலிலேயே அதைச் சொன்னாள். அடுத்த பேச்சு எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே மீதிப் பக்கத்தைக் கடந்துவிட்டாள். புத்தகத்தில் வீட்டுப் பேச்சு வருவது தமிழைக் கெடுக்கும் என்று கவலைப்படுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தச் சிறுமியைப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனாலும் நம் ஏழு வயதுப் பிள்ளை எண்பது பக்க நாவலைத் தானாக வாசிக்காது. அது உங்கள் குரலுக்கு வாங்க வேண்டிய புத்தகம். இரவு ஒரு அத்தியாயம், அதற்கு மேல் கெஞ்சினாலும் இல்லை. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்ட டோட்டோ-சான் இப்படி வாசிக்கவே அமைந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு அத்தியாயமும் மூன்று நான்கு பக்கம், ஒவ்வொன்றும் தனித்தனிச் சம்பவம். டோக்கியோ பள்ளி ஒன்றில் படித்த சிறுமியின் கதை என்றாலும், ரயில் பெட்டியில் வகுப்பறை என்று கேட்டதும் எந்த ஊர்ப் பிள்ளையும் எழுந்து உட்கார்ந்துவிடும். நம் ஊரில் அதை ஆசிரியர்களும் பெற்றோரும்தான் அதிகம் படித்துப் பரிந்துரைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள் குறைவு.

ஆகவே ஆயிரம் ரூபாயை நான் பிரிப்பது இப்படி. ஏறத்தாழ பாதியை மெல்லிய, மலிவான படப் புத்தகங்களுக்கு வைப்பேன். ஏழெட்டு வரும், அவற்றைத் தேர்ந்தெடுப்பது பிள்ளை, நான் வரி ஓரத்தை மட்டும் பார்ப்பேன். இருநூறு ரூபாய் அளவில் ஒரு நல்ல தமிழ்ப் படப் புத்தகம். மீதியில் வாசித்துக் காட்ட ஒரு சிறார் நாவல், இதை நான் தேர்ந்தெடுப்பேன், பிள்ளைக்கு அதில் ஓட்டு இல்லை. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை என்றால் விகிதம் மாறும். மூன்றாம் வகுப்பிலேயே பலர் தாங்களாகக் கதைத் தொகுப்பு வாசிக்கிறார்கள், அவர்களுக்கு மெல்லியவற்றைக் குறைத்து அத்தியாயம் பிரித்த கதைகளைக் கூட்டலாம். வெளிநாட்டில் வளரும் பேரப் பிள்ளைக்கு அனுப்புகிறீர்கள் என்றால் வயதிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டு வாங்குங்கள். கெட்டி அட்டை நீதிக் கதைகளை விமானத்தில் ஏற்றி அனுப்பாதீர்கள், எடைக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் இருக்கிறார்கள் என்றால் அங்கத்திய பொது நூலகங்களிலேயே தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருக்கின்றன, அட்டை எடுக்கச் சொன்னாலே போதும்.

கடைசியாக, எப்போது வாங்குவது என்பது. புதிய சிறார் நூல்கள் பெரும்பாலும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வருகின்றன. பத்து சதவீதத் தள்ளுபடியும் உண்டு. மாவட்டத் தலைநகரங்களிலும் இப்போது ஆண்டுக்கொரு காட்சி நடப்பதால் சென்னைக்கு வந்தாக வேண்டியதில்லை. சிறிய பதிப்பகங்கள் குறைந்த பிரதிகளே அச்சடிக்கின்றன, அடுத்த காட்சியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் சிலது திரும்பக் கிடைப்பதே இல்லை. வார நாளில் மதியம் போங்கள். அரங்கில் கூட்டம் இருக்காது, பிள்ளை தரையில் உட்கார்ந்து இரண்டு புத்தகத்தை அங்கேயே படித்து முடித்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். அப்படிப் படித்து முடித்த புத்தகத்தை "அதுதான் படிச்சாச்சே" என்று திருப்பி வைத்துவிடாதீர்கள். வாங்க வேண்டியது அதைத்தான்.